பாதி சார்ஜ்

ப்ரீசர் பெட்டியைக் கொண்டுவந்தவர் வயரின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்டில் ஏற்கெனவே ஒரு சார்ஜர் செருகியிருந்தது.

"யம்மா, இத்த புடுங்கிடவா?"

"இருங்கண்ணா, நான் எடுக்கறேன்."

ரமாபாய் எழுந்துபோய் முதலில் சுவிட்சை அணைத்தாள். பிறகு சார்ஜரை எடுத்தாள். அதற்கப்புறம்தான் அதிலிருந்து பேட்டரியைக் கழற்றினாள். இந்த வரிசையை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. பேட்டரியின் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். நாலு புள்ளிகளும் பச்சையாக எரிந்தன. முழுக்க நிறைந்திருந்தது.

அவளுக்குப் பின்னால், தரையில் விரித்த பாயில், மாமனார் சுப்பராயன் கிடந்தார். விடியற்காலையில் அரை டம்ளர் காப்பியோடு போய் எழுப்பியபோது அவர் அசையவில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். தன் விரலின் மேல் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கையைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் கணவனைக் கூப்பிட்டாள்.

நாலு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கண்ணாடி மூடி இறங்கியது. பெட்டி உறுமத் தொடங்கியது. ரமாபாய் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சமையலறையில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. மீன் குழம்புக்கு வாங்கி, முதல் நாளே விரிசல் விட்ட மண்சட்டி. அடியில் மணல் கொட்டி, அதற்குள் இரண்டு பேட்டரிகளையும் வைத்து மூடியிருப்பாள். தப்பித்தவறித் தீப்பிடித்தால் சட்டியோடு போகட்டும் என்று. ஆனால் அங்கே பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியைத்தான் வைப்பாள். நிறைந்ததை வைத்ததேயில்லை. நிறைந்தது என்றால் அன்றைக்குப் பறக்கப் போகிறது என்று அர்த்தம்.

இன்றைக்குத்தான் பறப்பதாக இருந்தது.

*

சுப்பராயன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாழ்நாளில் பாதியை ஆறேழு மாடி உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், காலுக்கடியில் கடலைப் பார்த்தபடி கழித்தவர். சிறுநீரகம் கெட்டு, வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் என்றான பிறகு அவரால் புளியந்தோப்பு குடியிருப்பில் முதல் மாடிக்குக் கூட ஏற முடியவில்லை. தரைத்தள வீட்டுக்கு மாற்றிக் கேட்டு வந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் சுவர்.

"கோழி மாரி ஆயிட்டேன்டா," என்றார் மகன் அறிவிடம். "தரையையே பாத்துகினு கீறேன்."

ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில், கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு பையனிடமிருந்து பழைய ட்ரோன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். பிரித்தால் நாலு கால், நாலு இறக்கை. அறிவு தலையில் அடித்துக்கொண்டான். "இன்னா நைனா இது, இந்த வயசுல?"

"உன் வயசுல நான் மேல இருந்தேன். இந்த வயசுல கீழ கீறேன். அதான்."

துறைமுகம் பக்கம் பறக்கவிட முடியாது. செல்போன் வரைபடத்தில் ராயபுரமும் கடலோரமும் சிவப்பு. சிவப்பில் ஏற்றினால் போலீஸ் வரும் என்று ரமாபாய் படித்துச் சொன்னாள். அத்திப்பட்டைத் தாண்டி, உப்பளங்களையும் தாண்டி, வரைபடத்தில் நிறம் மாறுகிற ஒரு வெட்டவெளியைத் தேடிக் கண்டுபிடித்ததும் அவள்தான். அவ்வளவு தூரம் போக அறிவுக்கு விடுமுறை வேண்டும், வாடகை ஆட்டோ வேண்டும், மாமனாருக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும். மூன்றும் எப்போதாவதுதான் கூடி வரும். டயாலிசிஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைந்தால், அவர் முகத்தில் வீக்கம் வடிந்து, கிளம்பலாமா என்பார்.

ஆகவே அந்த ட்ரோன் பறந்ததைவிட வீட்டில் இருந்ததுதான் அதிகம். பறக்கும்போது அது மாமனாருடையது. மற்ற நாளெல்லாம் ரமாபாயுடையது.

அப்படி ஆனது எப்படி என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. முதல் தடவை பறக்கவிட்டு வந்து அவர் அதை உப்பும் மணலுமாக அப்படியே டிவி மேல் வைத்துவிட்டார். மறுநாள் தொட்டபோது பிசுபிசுத்தது. அவள் பகலில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். மாலையில் கணக்கு வகுப்புக்குப் போகிறவள். இயந்திரம் எதையும் திறந்து பார்த்தவளில்லை. ஆனால் எதையும் முறைப்படி செய்யாவிட்டால் இரவில் தூக்கம் வராது. உட்கார்ந்து படித்தாள். குழந்தைகள் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று வாங்கினாள். மூட்டுகளில் உள்ள மணலை அதனால் தட்டினாள். பஞ்சை லேசாக நனைத்துப் பிழிந்து உப்பைத் துடைத்தாள். உடனே காய்ந்த துணியால் ஒற்றினாள். இறக்கை ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். நகம் எங்காவது தட்டினால் அந்த இறக்கையை மாற்றியாக வேண்டும். கேமராவின் மூடியைப் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்தாள். ஈரம் சேராமலிருக்க, மாமனாரின் மாத்திரை பாட்டில்களுக்குள் வரும் சிறிய வெள்ளைப் பொட்டலங்களை எடுத்துச் சேர்த்து அந்த டப்பாவுக்குள் போட்டாள்.

"நர்சம்மா," என்று அவர் அவளைக் கூப்பிட ஆரம்பித்தார். "பேஷண்டு எப்படி கீறாரு?"

"நல்லா கீறாரு மாமா. நீங்கதான் மாத்திரை போடல."

பேட்டரி விஷயத்தில் அவருக்கு அவள் சொல்வது புரியவில்லை. "ஏம்மா, வயிறு நெறைய சோறு போட்டு வெச்சா இன்னா கெட்டுப்போவுது?"

"நெறைய வெச்சா உப்பிடும் மாமா. சுத்தமா காலியானாலும் செத்துடும். பறக்காத நாள்ல பாதில வெச்சாத்தான் ரொம்ப நாளு ஒழைக்கும்."

சுப்பராயன் தன் வீங்கிய கால்களைப் பார்த்தார். பக்கத்திலிருந்த அரை டம்ளர் தண்ணீரைப் பார்த்தார். டாக்டர் அளந்து சொன்ன தண்ணீரில் அன்றைக்கு அவருக்கு அவ்வளவுதான் மிச்சம்.

"எனக்கும் பாதி டம்ளரு, அதுக்கும் பாதி சார்ஜி," என்று ட்ரோனைப் பார்த்தார். "நல்ல வூட்ல வந்து மாட்னோம்டா மச்சான், ரெண்டு பேரும்."

*

நேற்று மாலை டயாலிசிஸிலிருந்து வந்து உட்கார்ந்ததுமே சொன்னார். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. ரெண்டு பேட்டரியும் ஃபுல்லா போடு."

"காலைல போடறேன் மாமா. ஒடம்பு எப்படி கீதுன்னு பாத்துட்டு."

அதுதான் அவளுடைய முறை. கிளம்புவது உறுதியான பிறகுதான் நிரப்புவாள்.

"காலைல போட்டா வெயிலு ஏறிடும். இப்பவே போடு. நாளைக்கு ரிமோட்டு உன் கைல."

"என் கைலயா? ஐயோ, வேணாம் மாமா. ஒடச்சிடுவேன்."

"ஒடச்சா நீதான ஒட்டப்போற? எம்மாம் நாளைக்கு தொடச்சிகினே இருப்ப? ஒருவாட்டி ஏத்திப் பாரு. நான் சேர் போட்டு குந்திகினு வேடிக்கை பாக்கறேன்."

"சரி மாமா."

"சும்மா சரின்னு சொல்லாத. ஏத்தறேன்னு சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். "ஏத்தறேன் மாமா."

அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் யாருமில்லை. அறிவு வெளியே போயிருந்தான்.

*

பகலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தெருவில் பந்தல் போட்டார்கள். மேளக்காரர்கள் வந்து, காய்ந்த சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். புத்தர் படத்துக்குக் கீழே அறிவு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தான். துறைமுகத்தில் சுப்பராயனோடு வேலை பார்த்த சிலுவைமுத்து, மாலையோடு வந்து பெட்டியருகே நின்றார். மேலே கூண்டில் சுப்பராயன் இருக்க, கீழே நின்று கையால் சைகை காட்டியவர் அவர். தூக்கு, நிறுத்து, மெதுவாக இறக்கு, எல்லாம் கைதான்.

"பேசிகினதே இல்லம்மா நாங்க," என்றார் ரமாபாயிடம். "அவ்ளோ ஒயரத்துக்கு இன்னா பேசறது? நான் கைய காட்டுவேன், அவன் செய்வான். ஒரே ஒருநாள் சண்டை வந்துச்சு. அன்னிக்கு நான் எறக்குன்னு காட்டறேன், இவன் மேலயே வெச்சிகினு கீறான். இன்னாடான்னு பாத்தா, ஒரு கப்பல் போவுதாம், பாத்துகினு கீறானாம். மேஸ்திரி கிட்ட நான் வாங்கிக் கட்டிகினேன்."

அவர் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் தொட்டுவிட்டு வெளியே போய்ப் பந்தலில் உட்கார்ந்துகொண்டார்.

உச்சி வெயிலில் சடையங்குப்பத்திலிருந்து கெங்கம்மா வந்தாள். சுப்பராயனின் அக்கா. ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே அவள் குரல் கேட்டது. பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். பெட்டியின் மேல் விழுந்து, கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுதாள்.

"எனுக்கு முன்னால போறியேடா... வயசுல சின்னவன் நீ, உனுக்கு இன்னாடா அவசரம்..."

அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தவள், கூடத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டினாள்.

"அவன் பொம்மை எங்க?"

யாருக்கும் புரியவில்லை. ரமாபாய்க்குப் புரிந்தது. அவள் அசையாமல் இருந்தாள்.

"அதாண்டி, பறக்க வுடுவானே, அது. எடுத்தா. அவன் கூட வெச்சி அனுப்பணும்."

"அத்தே, அதெல்லாம் எதுக்கு?" என்றான் அறிவு.

"எதுக்கா? உங்க ஆயா செத்தப்போ வெத்தலப் பொட்டிய வெக்க மறந்துட்டோம். அப்புறம் எம்மாம் நாளு என் கனவுல வந்து குந்திகினு, எங்கடி என் பொட்டி, எங்கடி என் பொட்டின்னு... தூங்கவுட்டாளா? இவனும் வந்து கேட்டா நான் இன்னாடா பதில் சொல்வேன்? எத்துகினு வா சொல்றேன்."

அறிவு மனைவியைப் பார்த்தான். "குடுத்துடு ரமா," என்றான் மெல்ல. "நைனா இல்லாம அத வெச்சி யாரு இன்னா பண்ணப் போறாங்க?"

ஏத்தறேன் மாமா என்று சொன்னது அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றது. சொன்னால் என்ன நினைப்பார்கள்? செத்தவருடைய பொருளுக்கு மருமகள் ஆசைப்படுகிறாள் என்பார்கள். அப்படி இல்லை என்று தன்னால் சத்தியம் செய்ய முடியுமா என்று யோசித்தாள். முடியாது என்று தோன்றியது. அந்த டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது உண்மைதானே. எழுந்துபோய் டப்பாவை எடுத்து வந்தாள்.

திறந்து, ட்ரோனிலிருந்த மற்றொரு பேட்டரியைக் கழற்றினாள். அதுவும் நேற்று நிரப்பியதுதான்.

"அது இன்னாத்துக்கு கயட்ற?"

"இது கூட வெக்கக் கூடாது அத்தே. அழுத்தம் பட்டா பத்திக்கும்."

"சரி, அத்த வுடு. மீதிய குடு."

கண்ணாடி மூடியைத் தூக்கினார்கள். குளிர் வெளியே வந்தது. கெங்கம்மா ட்ரோனைத் தம்பியின் மார்பின் மேல், மாலைகளுக்கு நடுவில் வைத்தாள். கேமரா மூடியைப் போட்டோமா? போட்டிருந்தாள். ஆனால் அதனால் என்ன. மூடி மறுபடி இறங்கியது.

அதன் பிறகு ரமாபாயால் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. புதிதாக வந்தவர்களுக்காக மூடியைத் திறந்து திறந்து மூடினார்கள். ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே போய் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சிறு சிறு துளிகளாகச் சேர்ந்தது. ட்ரோனின் சாம்பல் நிற முதுகில் பனி பூத்தது. மூட்டுகளுக்குள் இறங்கும். மோட்டாருக்குள் இறங்கும். மாமனார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் அவள் பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். கண் மறுபடி மறுபடி அவர் மார்புக்குப் போனது. இவள் என்ன மனுஷி என்று தன்னையே நொந்துகொண்டாள். சாவு வீட்டில் ஒரு பொருள் நனைகிறதே என்று கவலைப்படுகிறவள்.

பக்கத்தில் இருந்த பெண் அவள் தோளை அணைத்து, "அழுதுடும்மா, அடக்கி வெக்காத," என்றாள்.

*

வெயில் தாழ்ந்ததும் பூப்பல்லக்கு தயாரானது. மேளம் வேகமெடுத்தது. பௌத்த முறைப்படி பஞ்சசீலம் சொல்ல வந்தவர் சொல்லி முடித்தார். பெட்டியின் சுவிட்சை அணைத்து மூடியைக் கழற்றினார்கள்.

உடலைத் தூக்குவதற்கு முன் கெங்கம்மா குனிந்து ட்ரோனைக் கையில் எடுத்தாள். பல்லக்கில் வைத்ததும் மறுபடி வைக்கலாம் என்று. எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடி, இப்டி ஈரமா கீது?"

புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். வேகமாக, குழந்தையின் தலையைத் துவட்டுவதுபோல. திடீரென்று கை நின்றது.

"ஏண்டி ரமா. இது நனையலாமா?"

மேளச் சத்தத்தில் ரமாபாய்க்குத் தன் குரலே கேட்கவில்லை. "கூடாது அத்தே."

"ஆமா. எங்க வூட்டாண்ட எத்துகினு வந்தான்ல, அன்னிக்கு மீன் கழுவிட்டு வந்து தொட்டுட்டேன். ஈரக்கைய வெக்காதன்னு பட்டுனு அடிச்சான் என் கைய. அக்கான்னு கூட பாக்கல." அவள் ட்ரோனைத் திருப்பிப் பார்த்தாள். "மண்ணுக்குள்ள போனா?"

ரமாபாய் அந்தக் கையிலிருந்த ட்ரோனையே பார்த்தாள்.

"இன்னாடி முழிக்கற? வாயத் தொறந்து சொல்லு. இது அவன் இல்லாம பறக்குமா, பறக்காதா?"

"பறக்கும் அத்தே." தூக்க வந்த ஆட்கள் நின்று அவளைப் பார்த்தார்கள். அறிவும் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் ஏத்தணும்னாரு. நேத்து சாய்ங்காலம். சரின்னதுக்கு ஒத்துக்கல. ஏத்தறேன்னு சொல்லுன்னாரு. சொன்னேன்."

வெளியே மேளம் மட்டும்.

"இத்த ஏண்டி காலைலயே சொல்லல?"

"எனக்குன்னு கேக்கற மாதிரி ஆயிடும்னு..."

கெங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "லூசு," என்றாள். ட்ரோனை அவள் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"கனவுல வந்து கேட்டான்னா?"

ரமாபாய் யோசித்தாள். அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது.

"பாதி சார்ஜ்ல வெச்சிருக்கேன்னு சொல்லுங்க அத்தே."

கெங்கம்மாவின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி டம்ளர், பாதி சார்ஜ் என்று தம்பி அவளிடமும் புலம்பியிருந்தார் போல, சிரிப்பு வந்துவிட்டது. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனாலும் வெறுங்கையோட அனுப்ப மாட்டேன்," என்றாள். "எதுனா குடு."

ரமாபாய் உள்ளே ஓடினாள். பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. ஓரம் சிதைந்ததென்று அவள் கழற்றிப் போடும் இறக்கைகளை மாமனார் குப்பையில் போட விடமாட்டார். எடுத்து அதில் போட்டுக்கொள்வார். அதில் தேடி ஒன்றை எடுத்தாள். முனை பாதி உடைந்த இறக்கை. அது எப்படி உடைந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கெங்கம்மா அதை வாங்கிப் பார்த்தாள். "நான் ஒடச்சதா?"

"ஆமா அத்தே."

பொங்கலுக்கு மறுநாள் சடையங்குப்பத்தில், வேண்டாம் மாமா என்று ரமாபாய் சொல்லச் சொல்ல, மாமனார் ட்ரோனைத் தென்னைமர உயரத்துக்கு ஏற்றினார். மொட்டை மாடியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த கெங்கம்மா, தலைக்கு மேல் ஏதோ இரைந்துகொண்டு வருவதைப் பார்த்தாள். காக்காயோ பிசாசோ என்று காலில் கிடந்த செருப்பைக் கழற்றி வீசினாள். குறி தப்பவில்லை. தெருவில் நின்ற சுப்பராயன் சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி, அறிவு அவரைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்க அக்கா ஏவுகணை என்று டயாலிசிஸ் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கெங்கம்மா குனிந்து தம்பியின் விறைத்த விரல்களுக்கு நடுவில் அந்த உடைந்த இறக்கையைச் செருகினாள். விழாதபடி மாலையின் நாரால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எத்துகினு போ," என்றாள்.

*

பெண்கள் தெருமுனை வரைதான் போனார்கள். பட்டாசுப் புகைக்குள் பல்லக்கு திரும்பி மறைந்தது. தெரு முழுக்க ரோஜா இதழும் சாமந்தியும் மிதிபட்டுக் கிடந்தன.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். ப்ரீசர் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போனார்கள். பிளக் பாயிண்ட் காலியாக இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, கூடத்தில் கெங்கம்மாவும் ரமாபாயும் மட்டும் மிஞ்சினார்கள். அவரைக் கிடத்தியிருந்த இடத்தில், ஈரம் காயாத தரையில், மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

ரமாபாய் ட்ரோனை ஒரு காய்ந்த துண்டின் மேல் வைத்தாள். நாலு இறக்கைகளையும் கழற்றினாள். மேஜை விசிறியைத் தள்ளிவைத்து, காற்று நேராகப் படும்படி திருப்பி, நிறைய நேரம் ஓடவிட்டாள். மூட்டுகளைப் பஞ்சால் ஒற்றினாள். பஞ்சில் ஈரம் வருவது நின்றது. அப்போதும் திருப்தியில்லாமல் இன்னொரு பஞ்சு எடுத்து ஒற்றினாள். கேமரா மூடியை எடுத்து, கண்ணாடியில் மூச்சுப் படாமல் குனிந்து பார்த்தாள். தெளிவாகத்தான் இருந்தது. அல்லது அவளுக்கு அப்படித் தெரிந்தது.

பிறகு நிறைந்திருந்த பேட்டரிகளில் ஒன்றை உள்ளே தள்ளினாள். பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை.

மறுபடி அழுத்தி, விடாமல் பிடித்தாள். சின்னதாக ஒரு ராகம் பாடிவிட்டு ட்ரோன் விழித்துக்கொண்டது. கால்களில் விளக்குகள் எரிந்தன. கேமரா தலையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நேரே பார்த்தது. ரமாபாய் கையை எடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"இப்ப ஏத்தப் போறியா?" கெங்கம்மா கேட்டாள்.

"இல்ல அத்தே. இங்க ஏத்தக் கூடாது. சும்மா ஆன்ல கெடக்கட்டும். பாதியாவணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஆவும் கொஞ்சம். நீங்க படுங்க."

கெங்கம்மா படுக்கவில்லை. நகர்ந்து வந்து துண்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ட்ரோனைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஒரு விரலால் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.

"சுடுது."

"பறக்காம ஆன்ல கீதுல்ல, சுடும். அதுக்குத்தான் விசிறி."

வாசலில் ஆண்கள் திரும்பி வந்த சத்தம் கேட்டது. பக்கெட்டில் தண்ணீர் விழுந்தது. தலை நனைந்து உள்ளே வந்த அறிவு, தரையில் விளக்கு மின்னிக்கொண்டிருந்த ட்ரோனைப் பார்த்தான். சுவரோரம் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லபடியா ஆச்சாடா?" என்றாள் கெங்கம்மா.

"ஆச்சு அத்தே." ஈரத் தலையைத் துவட்டியபடி சொன்னான். "குழிக்குள்ள எறக்கறப்போ ஆளுங்க அவசரப்பட்டாங்க. சிலுவைமுத்து மாமா முன்னால போய் நின்னுகினாரு. பேசல. கையாலயே காட்னாரு. மெதுவா, மெதுவான்னு."

தன் கையைக் கீழ்நோக்கி நீட்டி, விரலைச் சிறிதாகச் சுழற்றிக் காட்டினான். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டான்.

நாலாவது புள்ளி சிமிட்டத் தொடங்கியது. சிமிட்டிச் சிமிட்டி அணைந்தது. மூன்று இருந்தன. இரண்டானால் பாதி.

"எப்ப ஏத்துவ?" என்றாள் கெங்கம்மா.

"காரியமெல்லாம் முடியட்டும் அத்தே. ஒரு ஞாயித்துக்கெழம. நான் சரியா ஏத்துவேனான்னு தெரில."

"சேர் போட்டு நான் குந்திகினு பாக்கறேன். செருப்பு ஆட்டோலயே கெடக்கட்டும்."

அறிவு தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது. சிரிக்கிறானா என்று ரமாபாய் எட்டிப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

விசிறிக் காற்று ட்ரோனைத் தாண்டிப் போய் மெழுகுவர்த்தியின் சுடரைச் சாய்த்தது. அணைந்துவிடும்போல இருந்தது. விசிறியைத் திருப்பினால் ட்ரோன் சூடாகும். ரமாபாய் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ குந்து," என்றாள் கெங்கம்மா.

அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்து, விசிறிக்கும் சுடருக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். சுடர் நிமிர்ந்தது. கையை எடுக்காமல், மூன்றாவது புள்ளியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.